பணம் கட்டித்தான் ஓடுகிறார், அதனால் என்ன?

அஜித் குமார் ஐரோப்பாவில் கார் பந்தயம் ஓடுகிற செய்தி எப்போது வந்தாலும் அதன் அடியில் இரண்டு கூட்டம் மோதிக்கொள்கிறது. ஒரு கூட்டத்துக்கு அவர் உலகச் சாம்பியன். இன்னொரு கூட்டம், "காசைக் கொட்டினால் யார் வேண்டுமானாலும் ஓடலாம், இதெல்லாம் ஒரு பந்தயமா?" என்று சிரிக்கிறது. நான் அவருடைய ரசிகன் அல்ல. அவர் படத்தைத் திரையரங்கில் பார்த்தே பல வருடமாகிறது. ஆனால் ஐரோப்பாவின் ஜிடி பந்தயங்களை யூடியூப் நேரலையில் விடிய விடியப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் இந்தப் பந்தயம் பிடிபடவில்லை என்பது என் கட்சி.

கேலி செய்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பணம் கட்டித்தான் ஓடுகிறார். அங்கே ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். அது இந்தப் பந்தயத்தின் ஓட்டை அல்ல, அஸ்திவாரம்.

ஃபார்முலா ஒன் வேறு உலகம். அந்தக் காரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஜிடி பந்தயத்தில் ஓடுபவை ஷோரூமில் நிற்கும் கார்களின் பந்தய வடிவங்கள்: போர்ஷே 911, பி.எம்.டபிள்யூ எம்4, ஆஸ்டன் மார்ட்டின் வான்டேஜ். இருக்கைகளைப் பிடுங்கி, உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, பின்னால் இறக்கை பூட்டி, தயாரித்த நிறுவனமே விற்கிறது. பணம் இருந்தால் நீங்களும் வாங்கலாம். 2022இல் புதிய 911 ஜிடி3 ஆர் அறிமுகமானபோது சொன்ன விலை, வரி நீங்கலாக 5,11,000 யூரோ. இது வெறும் கார். டயர், மெக்கானிக்குகள், லாரி, ஹோட்டல், உடைந்த பம்பர் எல்லாம் தனிக்கணக்கு.

இந்தக் கணக்கை யார் தீர்க்கிறார்கள்? கார் நிறுவனங்கள் சில அணிகளுக்குக் கைகொடுக்கின்றன. மற்றபடி தீர்ப்பவர் ஒரு தொழிலதிபர், ஒரு பல் மருத்துவர், கட்டட வியாபாரம் செய்கிற ஒருவர். ஐரோப்பாவில் இவர்களை ஜென்டில்மேன் டிரைவர் என்பார்கள். இவர் தன் இடத்துக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. அதே காரை மாறி மாறி ஓட்டும் தொழில்முறை வீரரின் சம்பளமும் பல அணிகளில் இவர் பையிலிருந்துதான் போகிறது. கல்யாணத்தில் எல்லோரும் நாதஸ்வரக்காரரையே பார்க்கலாம். பந்தல் போட்டவர் பெண்ணின் தகப்பனார்தான். அவரைப் பார்த்து, "உனக்கு வாசிக்கத் தெரியாதே, இங்கே உனக்கென்ன வேலை?" என்று கேட்பது போலத்தான் இருக்கிறது இந்தக் கேலி.

ஆனால் இவர் வாசிக்கவும் வேண்டும். ஓட்டுநர்களை உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. வயது வந்த பிறகு, பிழைப்பு வேறாக இருக்க, இந்தப் பக்கம் வந்தவர்கள் பெரும்பாலும் வெண்கலம். பல போட்டிகளில் ஒரு காருக்கு இந்தத் தரத்தில் ஒருவர் கட்டாயம். பிரான்சின் புகழ்பெற்ற லு மான் 24 மணி நேரப் பந்தயத்திலேயே ஜிடி பிரிவின் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல வீரர் இருந்தாக வேண்டும். அவர் பெயருக்கு ஏறி இறங்க முடியாது. குறைந்தபட்ச நேரம் ஓட்டியே தீர வேண்டும்.

இங்கேதான் சுவாரசியம். ஒரே மாதிரியான கார்களில் தொழில்முறை வீரர்களுக்கு இடையே ஒரு சுற்றில் சில பத்தில் ஒரு பங்கு விநாடிதான் வித்தியாசம். வெண்கல வீரர்களுக்கு இடையே அது இரண்டு மூன்று விநாடி. அப்படியானால் பந்தயத்தை வெல்வதும் தோற்பதும் யார் கையில்? பல நேரம் அந்தப் பல் மருத்துவர் கையில். மழை தூறத் தொடங்கும்போது அவர் காரைச் சுவரில் சாத்தாமல் கொண்டுவந்து ஒப்படைத்தால் பாதி வெற்றி. நேரலையில் கேமரா தொழில்முறை வீரர்களையே துரத்திக்கொண்டிருக்க, பின்னால் ஓடும் நேர அட்டவணையில் வெண்கலக்காரர் ஒருவர் சுற்றுக்குச் சுற்று அரை விநாடி மிச்சம் பிடிப்பதைப் பார்ப்பது எனக்கு அதைவிடப் பிடித்த விளையாட்டு.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெச்சூர்களுக்கென்று ஐரோப்பாவில் எதைத் தொடங்கினாலும் சில வருடத்தில் தொழில்முறை ஆட்கள் வந்து பாயை விரித்துவிடுகிறார்கள். 2006இல் ஸ்தெஃபான் ரத்தேல் என்ற பிரெஞ்சு அமைப்பாளர் ஜிடி3 என்ற பிரிவைக் கொண்டுவந்தபோது அது ஜென்டில்மேன் டிரைவர்களுக்கானது. விதவிதமான கார்களை எடை ஏற்றியும் இன்ஜின் திறனைக் கட்டுப்படுத்தியும் சமன் செய்து, யாரும் தொழில்நுட்பத்தில் பணத்தை எரிக்கத் தேவையில்லாமல் ஆக்கியது நல்ல யோசனை. அவ்வளவு நல்ல யோசனையாக இருந்ததால் கார் நிறுவனங்களே தங்கள் வீரர்களோடு உள்ளே வந்துவிட்டன. இன்று பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தின் முன்வரிசை முழுக்கச் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள். அமெச்சூர்கள் அதைவிட மெதுவான கார்கள் ஓடும் ஜிடி4 பக்கம் நகர்ந்தார்கள். அங்கேயும் வேகமான இளைஞர்கள் வந்து முன்னால் நிற்கிறார்கள். கடைசியில் 2021இல் அதே ரத்தேல், அதே ஜென்டில்மேன்களுக்காக, ஐரோப்பிய ஜிடி2 என்று இன்னொரு தொடரைத் திறந்தார். வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே அறை மாறி அறை மாறிக் குடியிருக்கிற கதை.

இந்தப் படையெடுப்பில் இன்னும் முழுதாக விழாத கோட்டை ஒன்றுதான். ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் இருக்கும் நூர்பர்க்ரிங்.

1927இல் திறந்த இந்தத் தடத்தின் வடக்கு வளையம் மட்டுமே 20.8 கிலோமீட்டர். பக்கத்தில் இருக்கும் நவீனத் தடத்தையும் சேர்த்து, நான்கு மணி நேரப் பந்தயங்களில் ஒரு சுற்று 24 கிலோமீட்டரைத் தாண்டும். பந்தயம் இல்லாத நாட்களில் வடக்கு வளையத்தில் கட்டணம் கட்டிவிட்டு உங்கள் சொந்தக் காரில் போகலாம். 1977 முதல் இங்கே நடக்கும் நெடுந்தூரத் தொடர்தான் இன்று என்.எல்.எஸ். என்ற பெயரில் ஓடுகிறது. ஏறக்குறைய நூறு கார்கள் ஒரே நேரத்தில் தடத்தில். 500 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள ஃபெராரியும் அதில் உண்டு, 2005 வாக்கில் வந்த நான்கு கதவு பி.எம்.டபிள்யூ 325ஐ காரும் உண்டு. பந்தயத்தின் நடுவே காரைக் கவனிக்கிற ஒரு பிட் அறையை நான்கைந்து அணிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எரிபொருள் போட, சாலையோர பங்கில் இருப்பது போன்ற பம்புகள்தான். கோடீசுவர அணியும் வார இறுதி மெக்கானிக்கும் வரிசையில் நின்று அதே குழாயைப் பிடிக்கிறார்கள்.

325ஐ ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் எடுக்கும். ஜிடி3 கார் எட்டு நிமிடத்தில் முடித்துவிடும். நான்கு மணி நேரத்தில் ஒவ்வொரு ஜிடி3 காரும் இந்தச் சிறிய காரை நான்கைந்து முறை முந்தும். அப்படியொரு காருக்குள் இருந்து எடுத்த காணொளியை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். ஓட்டுபவரின் தலை முன்னால் ஒரு நொடி, கண்ணாடியில் ஒரு நொடி என்று ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் விளக்கு வெளிச்சம் பெருகுகிறது. இவர் சைகை விளக்கைப் போடுகிறார்: உன்னைப் பார்த்துவிட்டேன், அந்தப் பக்கமாகப் போ. அடுத்த கணம் காரே அதிர்கிற மாதிரி எதுவோ ஒன்று பக்கத்தில் பாய்ந்து மேட்டுக்கு அப்பால் மறைகிறது. இவர் விட்டுக்கொடுத்த அரை மீட்டரை உடனே மீட்டு அடுத்த வளைவுக்குள் திருப்புகிறார், ஏனென்றால் இவருக்குப் பின்னால் இன்னொரு 325ஐ வருகிறது. இவருடைய பந்தயம் அந்தக் காரோடு.

நீண்ட காலமாக இந்தத் தொடரில் ஆண்டுப் பட்டத்துக்கான புள்ளிகள், உங்கள் பிரிவில் எத்தனை கார்களோடு போட்டியிட்டு எந்த இடம் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தே வந்தன. அதனால் ஃபெராரியையும் போர்ஷேயையும் ஓரங்கட்டிவிட்டு அந்தச் சிறிய பி.எம்.டபிள்யூக்காரர்கள் ஒட்டுமொத்தச் சாம்பியன் ஆனது உண்டு. என்னைக் கேட்டால் உலகப் பந்தயங்களிலேயே இதைவிட நேர்மையான கணக்கு கிடையாது.

"யார் வேண்டுமானாலும் ஓடலாம்" என்பவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. நான்கு முறை ஃபார்முலா ஒன் சாம்பியனான மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2025இல் இங்கே ஜிடி3 ஓட்ட ஆசைப்பட்டார். முதலில் அனுமதிச் சான்று வாங்கி வா என்றார்கள். வகுப்பில் உட்கார்ந்தார், தேர்வு எழுதினார், செப்டம்பரில் திறன் குறைக்கப்பட்ட ஒரு போர்ஷே கேமன் காரில் மற்றவர்களைப் போலச் சுற்றுகளை ஓடி முடித்தார். அதே மாதம் 27ஆம் தேதி கிறிஸ் லல்ஹமோடு ஃபெராரி 296 ஜிடி3யில் ஏறி, வென்றும் விட்டார். அவர் பணத்துக்கோ புகழுக்கோ அந்த வகுப்பில் விலக்கு இல்லை.

இந்த ஊரின் மிகப் பெரிய பெயரும் சம்பள வீரர் பட்டியலிலிருந்து வந்ததல்ல. சபீனா ஷ்மிட்ஸ், தடத்தை ஒட்டிய கிராமத்தில் ஹோட்டல் நடத்திய குடும்பத்துப் பெண். 1996, 1997 இரண்டு ஆண்டும் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணியில் இருந்தார். அதை வென்ற முதல் பெண் அவர். பிற்பாடு அவரும் இறைச்சிப் பொருள் வியாபாரியான கிளவுஸ் ஆபெலனும் தொடங்கிய அணிக்குப் பெயர் ஃப்ரிகடெல்லி. ஃப்ரிகடெல்லெ என்றால் ஜெர்மன்காரர்கள் வறுத்துத் தின்னும் கறி உருண்டை. வியாபாரத்தையே அணியின் பெயரில் ஒட்டிவிட்டார்கள். சபீனா 2021இல் புற்றுநோயில் இறந்தார். 2023இல் அதே 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தக் கறி உருண்டை அணி 162 சுற்றுகள் ஓடி, ஃபெராரிக்கு அங்கே முதல் வெற்றியை வாங்கிக்கொடுத்தது. பெரிய நிறுவனங்களின் அணிகள் பின்னால் வந்தன. அன்று எனக்கு ஏற்பட்ட அற்ப சந்தோஷத்தை மறைக்க விருப்பமில்லை.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. 2015 மார்ச்சில் ஒரு நிஸ்ஸான் ஜிடி3 கார் ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டியதில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். வேக வித்தியாசமும் சும்மா விடாது. 2025 ஜூனில் 24 மணி நேரப் பந்தயத்தின் பிற்பகுதியில் முன்னணிப் போர்ஷே ஒன்று, முந்தும் அவசரத்தில் ஓர் ஆஸ்டன் மார்ட்டின் ஜிடி4 காரை இடிக்க, அது உருண்டது. போர்ஷேக்கு 100 விநாடி தண்டனை. வெற்றி ரோவே அணியின் பி.எம்.டபிள்யூவுக்குப் போனது. உடனே ஒரு கூட்டம், மெதுவான கார்களை அப்புறப்படுத்துங்கள் என்று கிளம்பியது. தண்டனை வாங்கியது யார் என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

நடிகர்களுக்கு வருவோம். ஹாலிவுட்டின் பால் நியூமன் 1979இல் 54 வயதில் லு மானில் ஒட்டுமொத்த இரண்டாம் இடம் பிடித்தார். பேட்ரிக் டெம்ப்சி 2015இல் அங்கே அமெச்சூர் பிரிவில் இரண்டாம் இடம். 2025 ஜனவரியில், ஒரு டச்சு அமைப்பு நடத்தும் தொடரின் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி போர்ஷே 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. பந்தயத்துக்கு முன் பயிற்சியில் விபத்து நடந்தது, அவர் அந்தக் காரைத் தன் கூட்டாளிகளிடம் விட்டுவிட்டு வேறொரு அணியின் ஜிடி4 காரை ஓட்டினார். "மூன்றாம் இடம் பிடித்தார்" என்று போஸ்டர் அடித்தவர்களுக்கு இந்த விவரம் தேவைப்படவில்லை. எனக்கோ காரை விட்டுக்கொடுத்த அந்தத் தீர்மானம்தான் மரியாதையைத் தந்தது. ஜூலையில் இத்தாலியின் மிசானோவில், ஜிடி4 ஐரோப்பியத் தொடரில், நின்றுகொண்டிருந்த காரில் மோதிப் பந்தயத்தை இழந்த பின், தடத்தில் சிதறிய துண்டுகளைத் தடப் பணியாளர்களோடு சேர்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, காசு கட்டி வந்த ஒரு வெண்கல வகை ஓட்டுநரிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே என்று கேட்டால் மறுக்க மாட்டேன். அதனால்தான் 325ஐ காரைப் பிடித்துத் தொங்குகிறேன். ஒரு காலத்தில் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் 200 கார்களுக்கு மேல் நின்றன. 2025 வாக்கில் அது 130 அளவுக்கு இறங்கியிருந்தது. செலவு தாங்காமல் போனவை பெரும்பாலும் சிறிய கார்கள், நான்கு நண்பர்கள் சீட்டுப் போட்டு ஓட்டியவை. வெர்ஸ்டாப்பனால் வந்த கூட்டத்தையும் விளம்பரத்தையும் வைத்து அமைப்பாளர்கள் அந்தச் சிறு பிரிவுகளின் நுழைவுக் கட்டணத்தைக் குறைத்தால் அவர்களுக்கு ஒன்றும் குடி முழுகாது. ஜிடி3காரர்களின் கட்டணத்தில் கொஞ்சம் ஏற்றினாலும் சரி. அரை மில்லியன் யூரோவுக்குக் கார் வாங்கியவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.