அரசு நிலத்தில் கடவுள் வாசகம்: பேசுவது யார்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு பூங்காவில் சிலுவை, நீதிமன்ற வாசலில் பத்துக் கட்டளை என்று செய்தி வந்தால் இரண்டு விதமான கமெண்ட்தான் விழுகிறது. "அரசியலமைப்புச் சட்டமே தடை செய்திருக்கிறதே" என்பது ஒன்று. "அது கிறிஸ்தவ நாடுதானே, வைத்தால் என்ன" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

மதத்துக்கும் அரசுக்கும் நடுவே "சுவர்" என்ற பேச்சு அரசியலமைப்பில் இல்லை. அப்போதைய அதிபர் ஜெஃபர்சன் 1802 ஜனவரி 1 அன்று டான்பரி பாப்டிஸ்ட் சபையினருக்கு எழுதிய கடிதத்தில்தான் இருக்கிறது. 1791இல் அரசியலமைப்பில் சேர்ந்த முதல் திருத்தம் சொல்வது வேறு: மதத்தை நிறுவும் சட்டம் இயற்றாதே, மதத்தைப் பின்பற்றுவதைத் தடுக்காதே, பேச்சைப் பறிக்காதே. இந்த மூன்றும் ஒரே புல்தரையில் மோதிக்கொள்ளும்போதுதான் வழக்கு பிறக்கிறது. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அந்த வாசகத்தைப் பேசுவது அரசா, அரசு நிலத்தில் நிற்கும் தனியாளா?

தனியாள் என்றால் அரசு கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஓஹையோவின் சட்டமன்ற வளாகச் சதுக்கம் யார் விண்ணப்பித்தாலும் கொடுக்கப்படும் இடம். 1993இல் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு அங்கே சிலுவை நடக் கேட்டது. மதச்சின்னம் என்று காரணம் சொல்லி மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1995இல் 7-2 என்று க்ளான் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் திறந்த இடத்தில் மதப் பேச்சை மட்டும் விலக்க முடியாது, பேசுகிறவர் எவ்வளவு அருவருப்பானவராக இருந்தாலும்.

பாஸ்டன் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில். நகர மன்றத்தின் முன்னால் மூன்று கொடிமரங்கள், ஒவ்வொன்றும் 83 அடி. 2005 முதல் 2017 வரை 284 கொடியேற்றங்களுக்கு அனுமதி, ஒன்றுகூட மறுக்கப்படவில்லை. எழுதிவைத்த விதிமுறையும் கிடையாது. பிறகு ஒரு அமைப்பு கிறிஸ்தவக் கொடியோடு வந்தபோது மட்டும் "இது அரசின் பேச்சு" என்றார்கள். 2022இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். எதையும் தேர்ந்தெடுக்காத கை திடீரென்று "இது என் குரல்" என்றால் யார் நம்புவார்? அந்தக் கொடியை மறுத்தபிறகுதான் பாஸ்டன் விதியை எழுதியது.

கல்லில் செதுக்கி நிலையாக நடுவது வேறு கதை. யூட்டாவின் ப்ளெசன்ட் குரோவ் நகரப் பூங்காவில் நன்கொடையாக வந்த பத்துக் கட்டளைக் கல் ஒன்று இருந்தது. சம்மம் என்ற சிறு மதக் குழு தன் ஏழு சூத்திரங்களுக்கும் ஒரு கல் கேட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது: நன்கொடையாக வந்தாலும், நிரந்தரச் சின்னம் நகரத்தின் பேச்சு, எதை வைப்பது என்பது நகரத்தின் விருப்பம். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அரசின் பேச்சு என்று ஒப்புக்கொண்ட உடனே "அப்படியானால் நீ மதத்தை நிறுவுகிறாயா?" என்ற அடுத்த கேள்வி வாசலில் வந்து நிற்கும்.

அதற்கு நீதிமன்றங்கள் சொல்லும் பதில்தான் எனக்கு எரிச்சல். 1984இல் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் நகரம் வைத்த கிறிஸ்துமஸ் குடில், அதாவது இயேசு பிறப்பைக் காட்டும் பொம்மைக் காட்சி, தப்பியது. ஏனென்றால் அதைச் சுற்றி சாண்டாவின் வீடு, கலைமான், கோமாளி, யானை, கரடி பொம்மை எல்லாம் இருந்தன. 1989இல் பிட்ஸ்பர்க்கில் நீதிமன்றப் பெரிய படிக்கட்டில் தனியாக வைத்த குடில் தோற்றது. இன்னொரு அரசுக் கட்டடத்துக்கு வெளியே 45 அடி கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கத்தில் நின்ற 18 அடி மெனோரா, அதாவது யூதர்களின் விளக்குத்தண்டு, ஜெயித்தது. வக்கீல்கள் இதைக் கேலியாகக் "கலைமான் விதி" என்பார்கள். குழந்தை இயேசுவைக் காப்பாற்ற யானை பொம்மை வேண்டியிருக்கிறது. பக்தியுள்ள கிறிஸ்தவர் முதலில் கோபப்பட வேண்டியது இதற்குத்தான்.

2005 ஜூன் 27 அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள், இரண்டும் 5-4. டெக்சஸ் சட்டமன்ற வளாகத்தின் ஆறடிப் பத்துக் கட்டளைக் கல் நின்றது: 22 ஏக்கரில் மற்ற 16 சின்னங்களோடு, 40 ஆண்டுகள் யாரும் வழக்குப் போடாமல் இருந்தது. கென்டக்கி நீதிமன்றங்களில் மாட்டிய பத்துக் கட்டளை விழுந்தது: முதலில் அது மட்டும், வழக்கு வந்ததும் சுற்றிலும் வேறு ஆவணங்கள், பிறகு மூன்றாவது முறையாக மாற்றம். நோக்கம் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது. 2019இல் மேரிலாந்தின் பிளேடன்ஸ்பர்க் சிலுவையும் தப்பியது. முதல் உலகப் போரில் இறந்த 49 பேருக்காக 1925இல் முடிக்கப்பட்டது அது. மொத்தத்தில் பழையது பிழைக்கும், புதியது சந்தேகத்துக்கு ஆளாகும். முதலில் வந்தவனுக்குச் சலுகை என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு கொள்கை தெரியவில்லை. பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் மைதானத்தில் பிரார்த்தனை செய்ததைப் பற்றிய 2022இன் கென்னடி தீர்ப்பு, அரசின் செயலுக்கு மதம் சாராத நோக்கம் உண்டா, அது மதத்தை வளர்க்கிறதா என்றெல்லாம் பார்க்கும், 1971 முதல் இருந்த லெமன் சோதனையைக் கைவிட்டு "வரலாறும் மரபும்" என்ற அளவுகோலை வைத்தபிறகு இந்தச் சாய்வு இன்னும் கூடியிருக்கிறது.

வகுப்பறை இதிலெல்லாம் சேராது. பூங்காவில் கல்லைத் தாண்டிப் போய்விடலாம். பள்ளிக்குப் பிள்ளை போயே ஆக வேண்டும். 1980இல் கென்டக்கி வகுப்பறைகளில் 16க்கு 20 அங்குலப் பத்துக் கட்டளைப் படத்தை உச்ச நீதிமன்றம் நீக்கச் சொன்னது, தனியார் பணத்தில் வாங்கியிருந்தும். 2025இல் டெக்சஸ் இயற்றிய சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதே 16க்கு 20தான். நன்கொடையாக வந்தால் பள்ளி அதை ஏற்று மாட்டியே ஆக வேண்டும். வழக்குத் தொடுத்த குடும்பங்களில் யூதர், கிறிஸ்தவர், இந்து, மதமற்றோர் என்று எல்லோரும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், பிளேனோ, ஹியூஸ்டன் உட்படப் பதினொரு பள்ளி மாவட்டங்களில் தடை விதித்தார். 2024இன் லூசியானா சட்டத்துக்கும் இதேபோல் தடை விழுந்து, மேல்முறையீட்டில் முழு அமர்வு வரை போனது. பத்துக் கட்டளைக்கு எண் போடுவதிலேயே யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் பிராட்டஸ்டண்டுகளுக்கும் வேறுபாடு உண்டு. எந்த வரிசை என்று சட்டமன்றம் தீர்மானித்த கணமே அது ஒரு சபையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சின்ன ஊர் நிர்வாகம் ஒன்று என்னிடம் கேட்டால் சொல்வது இது. கேட்பவர் வருவதற்கு முன்பே விதியை எழுதுங்கள். வந்தபிறகு எழுதினால் அவருக்கு எதிராக எழுதியதாகத்தான் தெரியும். தனியார் காட்சிக்கு இடம் தருவதானால் அளவு, நாள் எண்ணிக்கை, விண்ணப்ப வரிசை, "இது நகரத்தின் கருத்தல்ல" என்ற பலகை, எடுத்துச் செல்ல வேண்டிய தேதி எல்லாம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மதச்சின்னம் இருக்கும் அரசு இடங்களில் தனக்கும் சம இடம் கேட்கும் சாத்தான் ஆலயம் என்ற அமைப்பு நாளை வந்து நிற்கும், அதற்கும் அதே படிவம்தான். அது பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் இடம் தராதீர்கள், சட்டம் அதையும் அனுமதிக்கிறது.

கல்லை நன்கொடையாக ஏற்பதானால் தீர்மானத்தில் காரணத்தை எழுதுங்கள், பராமரிப்புச் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். பிளேடன்ஸ்பர்க் சிலுவையை 1961இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பொது ஆணையம், அதன் பராமரிப்புக்குச் சுமார் 1,17,000 டாலர் செலவழித்தது. அதில் எல்லா மதத்தவரின் வரிப்பணமும் இருக்கிறது.