கருவில் உருவாகும் சிறுநீரகமும் பெரியவர்களின் நோயும்: ஒரு திருத்தம்

கருவில் சிறுநீரகம் உருவாவதைப் பற்றிய ஆய்வு குழந்தை மருத்துவத்துக்கு மட்டுமே உரியது என்றும், ஆய்வகத்தில் காலம் கழிக்கும் மருத்துவரால் பெரியவர்களுக்குப் பயனில்லை என்றும் சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு.

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளான நெஃப்ரான்கள் கர்ப்பத்தின் ஏறத்தாழ 36-ஆம் வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன. அதன்பின் புதிதாக ஒன்றுகூடத் தோன்றுவதில்லை. பிறவியிலேயே இவை குறைவாக உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தம் வரலாம் என்ற கருதுகோளை 1988-இல் சக ஆய்வாளர்களோடு முன்வைத்த பாரி பிரென்னர் ஒரு சிறுநீரக மருத்துவர்தான். மூனிக்-விஸ்டார் என்ற எலி வகையில், நெஃப்ரான்களில் வடிகட்டும் இரத்தக்குழாய் முடிச்சுகள் சில சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே அமைந்திருப்பதால், அவற்றில் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி உள்ளழுத்தத்தை நேரடியாக அளந்தவர் அவர்.

2003-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணிப் பார்த்தபோது, உயர் இரத்த அழுத்தம் இருந்த பத்துப் பேரிடம் ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் 7 லட்சமும், அது இல்லாத பத்துப் பேரிடம் சுமார் 14 லட்சமும் இடைநிலை எண்ணிக்கையாக இருந்தன. இருபது பேரை வைத்துக் காரணத்தை நிறுவிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எலியில் அழுத்தத்தை அளந்த அதே பிரென்னர்தான், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு சிறுநீரகப் பாதிப்பும் இருந்த 1,513 பேரிடம் லோசார்டான் என்ற இரத்த அழுத்த மருந்தைச் சோதித்த ஆய்வுக்கும் தலைமை தாங்கினார். சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் ஆபத்து அம்மருந்தால் 28 சதவீதம் குறைந்ததாக 2001-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. அந்த நோயாளிகள் பெரியவர்களே.