மாத்திரை அட்டையையும் பாருங்கள்
சூதாட்ட அடிமைத்தனம் பற்றிய ஒரு கட்டுரை கடன், தனிமை, வேலையின்மை, மது என்று காரணங்களை அடுக்கியிருந்தது; அவற்றில் மருந்து விட்டுப்போயிற்று. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகள், மூளையில் ஆசையோடும் இன்பத்தோடும் தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை (அது சென்று பற்றும் இடங்களை), குறிப்பாக டி3 வகையை, நேரடியாகத் தூண்டுபவை. 2010இல் வெளியான டொமினியன் ஆய்வில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தார்கள். சூதாட்டம், அடங்காத ஷாப்பிங், பாலுணர்வு மிகைப்பு, தீனி வெறி இவற்றில் ஒன்றாவது இருந்தவர்கள் இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9. சூதாட்டம் மட்டும் மொத்த நோயாளிகளில் 5 சதவீதம். "வயசான காலத்தில் ரம்மி என்ன வேண்டிக்கிடக்கு, பேராசைதான்" என்று ரம்மி ஆடும் முதியவரைப் பற்றி அந்தக் கட்டுரையின் கீழ் ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். பேராசை என்பதற்கு முன் அந்த முதியவருடைய மாத்திரை அட்டையைப் பார்ப்பது நல்லது. மருந்து தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் பழக்கம் தலைகாட்டலாம். அதனால் வீட்டார் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. நோயாளியும் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார், டாக்டர் குடும்பத்தாரைத் தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளிவரும். அதற்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பதற்றம், வியர்வை, மனச்சோர்வு என்று வேறொரு அவஸ்தை தொடங்கும். நரம்பியல் மருத்துவர் படிப்படியாகக் குறைத்து, தேவைப்பட்டால் பார்க்கின்சனுக்கான இன்னொரு மருந்தான லெவோடோபாவின் அளவைக் கூட்டுவார். அதுவரை நோயாளியின் யுபிஐ வரம்பைக் குறைத்து வைத்தால் சேமிப்பாவது தப்பும்.