எல் பலகை கண்ணில் படவில்லையா?

மகனுக்கு 18 வயது. மூன்று வாரமாகக் கார் ஓட்டப் பழகுகிறான். அவனுக்குப் பக்கத்தில் பயிற்சி கொடுப்பவர், பின் இருக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்.

நேற்று திருகோணமலையில் நிலாவெளி வீதியில் ஒரு பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு விடாமல் ஹோன் அடித்தது. முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டப் பழகுகிறவர் என்று காட்டும் எல் பலகையைச் சிவப்பு எழுத்தில் மாட்டியிருக்கிறோம். முந்திப் போக இடமும் இருந்தது. பிள்ளை பதறிக் கிளச்சை விட்டுவிட்டான். கார் உதறி நின்றது. உடனே இரண்டு ஓட்டோவும் சேர்ந்து ஹோன் அடிக்கத் தொடங்கின. அவன் காதுமடல் சிவந்துவிட்டது. திறப்பைத் திருப்பிய கை நடுங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால் இதே ஆட்கள் பொறுமையாக நிற்கிறார்கள். பழகும் பிள்ளைக்கு அரை நிமிடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நீங்களும் ஒருநாள் இப்படித்தானே பழகினீர்கள்?

நாளைக்கு இவன் தனியாக ஹபரணைப் பாதையில் போவான். இருட்டில் யானை நிற்கும், மெதுவாகப் போ என்று சொல்லிக்கொடுக்கலாம். பின்னால் வந்து நெருக்குகிறவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

இரவு சாப்பிடும்போது, "அம்மா, நாளைக்குப் பழகப் போக வேண்டாமே" என்றான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.