பூம்புகாரில் கடற்கரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்

பூம்புகார் போகிறவர்களில் பலர் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் நாலு படம் எடுத்து, கடலில் கால் நனைத்துவிட்டு, "இங்க ஒன்னுமே இல்லையே" என்று வண்டி ஏறிவிடுகிறார்கள். கலைக்கூடம் 1973-இல் கட்டியது. சிற்ப வேலைக்காகப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் துறைமுகம் பார்க்க வந்தவர் கடலுக்கு முன்னாலேயே, கீழையூரில் இறங்க வேண்டும்.

1962-63-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் படகுத்துறை கிடைத்தது அங்கேதான். படகு கட்ட நட்ட மரக்கம்பங்களும் கூடவே கிடைத்தன, காலக்கணிப்பு கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் போகிறது. கடற்கரையை விட்டு உள்ளே ஏன் என்றால், அது காவிரியின் பழைய கிளையை ஒட்டிய துறை. பாயைக் களையாமலே பெருங்கலம் புகாருக்குள் நுழைந்ததைப் புறநானூறு 30ஆம் பாட்டு சொல்கிறது. முகத்துவாரத்தில் அந்த அளவு ஆழம் இருந்திருக்கிறது. இன்றைய காவிரி முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டை நினைத்தால் நம்பவே முடியாது. அதனால்தான் கடற்கரையைக் கடைசியாக வைக்கச் சொல்கிறேன்.

கீழையூருக்கு அடுத்து பல்லவனேசுவரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம். பிறகு மாநிலத் தொல்லியல் துறை 1997-இல் தொடங்கிய கடல்சார் அகழ்வைப்பகம். அங்கே பானை ஓட்டிலேயே நின்றுவிடாமல், கடலடியில் எடுத்த ஈயக்கட்டிகள் எங்கே என்று பொறுப்பாளரைக் கேளுங்கள். பூம்புகாருக்கு எதிரே ஏறக்குறைய 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலின் சரக்கு அது. கட்டிகளில் 'பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் அச்சாகியிருக்கின்றன. இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் நடத்திய குடும்பத்தின் பெயர். சங்க காலம் தேடி வந்தவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். கப்பல் கவிழ்ந்த காலத்தையே நெருக்கிச் சொல்லும் பொருள் இதைப் போல அங்கே வேறு இல்லை என்பேன்.

வானகிரிப் பக்கம் கரையோரம் உறைகிணறு, அதாவது சுட்ட மண் வளையங்களை அடுக்கிய பழங்காலக் கிணறு, தெரியும் என்று கேள்விப்பட்டு, கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகிறவர்கள் உண்டு. இந்தக் கரையில் ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குள்தான். மணல் அரித்தால் தெரியும், மூடினால் தெரியாது. அதை நம்பிப் பயணம் போடாதீர்கள்.

மதியத்துக்கு மேல் தெற்கே தரங்கம்பாடி. டேன்ஸ்போர்க் கோட்டை வெள்ளிக்கிழமை விடுமுறை; முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டியது, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றது. அருங்காட்சியகத்தில் சீனத் தேயிலைச் சாடிகள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கல எலும்பு எல்லாம் இருக்கின்றன. அதற்கு முன் கீழ்த்தளத்தைச் சுற்றி வாருங்கள். கிடங்கு, சமையலறை, சிறை எல்லாம் கீழே; ஆளுநரும் பாதிரியாரும் மேலே. சரக்குதான் அந்தக் கட்டடத்தின் வேலை என்பது கீழே நின்றால்தான் புரியும்.

இங்கே புகார் போல ஆற்றுக்குள் கப்பல் வரவில்லை. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் சரக்கை இறக்கினார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதித் தரை தட்டினால் விட்டுப்போகும். தேங்காய் நார்க் கயிற்றால் பலகையைத் தைத்தால் வளைந்து கொடுக்கும். ஐப்பசி பிறந்தால் புயலுக்குப் பயந்து கப்பல்கள் இந்தக் கரையைவிட்டே போய்விடும். பீங்கானுக்குக் கொடுக்கும் கண்ணாடிப் பெட்டி இருக்கட்டும், தைத்த படகு ஒன்றை முழு அளவில் கட்டிக் கோட்டை வாசலில் நிறுத்தினால் பத்து விளக்கப் பலகை மிச்சம். அந்தப் படகை ஓட்டியவர்களின் ஊரும் கோட்டையை ஒட்டியே இருக்கிறது.

கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள். 1306-இல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. நாகப்பட்டினத்தையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம். அங்கிருந்த புத்த மடமான சூடாமணி விகாரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். நாகையில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.