தையல் சான்றிதழும் ஓவர்லாக் மிஷினும்

தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்களில் பாதிப் பேர் திரும்பி வராத நேரம் அது. கேட்டில் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் உடனே தேவை' என்று போர்டு மாட்டியிருந்தோம். ஓவர்லாக் என்பது பனியன் துணியை ஓரம் சேர்த்துத் தைக்கிற மிஷின், பேட்லாக் மடிப்பைத் தைக்கிற மிஷின். எங்களுடையது பெரிய கம்பெனி எல்லாம் இல்லை, அவிநாசிப் பக்கம் 16 மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும். போர்டைப் பார்த்துவிட்டு ஒரு பொண்ணு வந்தாள். 22 வயசு இருக்கும். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் லேமினேஷன் போட்ட சான்றிதழ். ஆறு மாதத் தையல் பயிற்சி, முதல் வகுப்பில் தேர்ச்சி. எந்த ஊரு கண்ணு என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பக்கத்து முகாமுங்க்கா" என்றாள். இலங்கைப் போரில் ஓடி வந்த தமிழர்கள் இருக்கிற முகாம்.

சரி உட்காரு என்று ஒரு பவர் மிஷினில் உட்கார வைத்து, இரண்டு துண்டு வேஸ்ட் துணியைக் கொடுத்தேன். காலை வைத்தாள். மிஷின் விர்ரென்று ஓடி, துணி முழுசும் ஒரே இழுப்பில் உள்ளே போய், நூல் அறுந்து, அவள் இரண்டு கையையும் நெருப்பில் பட்டது போல வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அவள் ஆறு மாதம் பழகியது காலால் மிதிக்கிற கறுப்பு மிஷினில். தைத்துப் பழகியது ப்ளவுஸ், பாவாடை, சுடிதார். எங்கள் மிஷின் நிமிஷத்துக்கு 4,000, 5,000 தையல் போடும். அதோடு பனியன் துணி, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், அதைக் கை தாங்கிப் பிடிக்கிற விதமே வேறு. "முதல் வகுப்புன்னு போட்டுக் குடுத்தாங்களேக்கா" என்று அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போரில் அடிபட்ட மக்களுக்கு மறுவாழ்வு என்று யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது தொழிற்பயிற்சிதான். தையல், அழகுக்கலை, கேக் செய்வது, கம்ப்யூட்டர். கடைசி நாளில் ஒரு விழா, சான்றிதழ், வரிசையாக நின்று ஒரு போட்டோ. பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போர் ஒரு குடும்பத்திடமிருந்து பறித்துக்கொண்டது பெரும்பாலும் கைத்தொழிலை இல்லை, அந்தத் தொழிலைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும். நிலம், கடன் கொடுக்கிற ஆள், சரக்கு எடுக்கிற வியாபாரி, ஜாமீன் போடுகிற சொந்தக்காரர், கையெழுத்துக்கு மதிப்புத் தருகிற ஒரு காகிதம். அதையெல்லாம் திருப்பித் தராமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தையல் ஷெட்டிலேயே பார்த்துவிட்டேன்.

நம்ம கொங்கு நாட்டில் யார் சான்றிதழ் வாங்கித் தொழில் கற்றார்கள், சொல்லுங்கள். நான் 1993ல் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தபோது கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸை எடுத்து அடுக்குவது, நூல் வெட்டுவது, அவ்வளவுதான் வேலை. சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் அண்ணன் எழுந்து போனதும் வேஸ்ட் துணியை வைத்து ஓட்டிப் பார்ப்போம், அவர் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். ஒன்றரை வருஷத்தில் ஓவர்லாக்கில் உட்கார்ந்துவிட்டேன். கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் போன என் அண்ணனும் சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிய என் மாமாவும் கற்றது இப்படித்தான். தொழில் என்பது நடக்கிற தொழிலுக்குள்ளே போய், அன்றைக்கு ஓடுகிற மிஷினில், அன்றைக்குக் கிடைத்த ஆர்டரில் பழகுவது.

ஆனால் கற்றது மட்டும் என்னை முதலாளி ஆக்கிவிடவில்லை. முதல் நான்கு மிஷின் போட நகையை அடகு வைத்தோம், மீதிக்கு மாமனார் சீட்டு எடுத்துக் கொடுத்தார், அப்புறம் ஒரு எக்ஸ்போர்ட்டர் என் வீட்டுக்காரரின் பெரியப்பாவைத் தெரியும் என்பதற்காகவே கட்டிங் பீஸை நம்பி அனுப்பினார். நகை, சீட்டு, பெரியப்பா. இந்த மூன்றும் போரில் ஓடி வந்தவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? ஓடி வரும்போது நகை கையை விட்டுப் போயிருக்கும், சீட்டுப் போட்ட ஊர் சிதறியிருக்கும், பெரியப்பா ஒரு நாட்டில், சித்தப்பா இன்னொரு நாட்டில்.

நமக்கே ஒரு அடி விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, திருப்பூரில் 700க்கும் மேல் சாயப்பட்டறைகளை மூடினார்கள். சாயக் கழிவை விட்டு நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்தது பெரிய தப்பு, அந்த உத்தரவு நியாயமானது, அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அன்றைக்கு நின்றுபோன ஊரை எப்படித் தூக்கினார்கள் என்று யோசியுங்கள். சாயக்காரர்களுக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத மாதிரி பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்யத் தமிழக அரசு வட்டியில்லாமல் 200 கோடி ரூபாய் கடன் கொடுத்தது. தொழில் தெரிந்த ஆள் விழுந்தால் அவனுக்கு என்ன தேவை என்று நமக்கு வரும்போது எல்லோருக்கும் புரிகிறது.

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் கிட்டத்தட்ட 3 லட்சம் பேரைக் கம்பிவேலிக்குள் வைத்திருந்தார்கள். அவர்களில் முல்லைத்தீவு மீனவருக்கு மீன் பிடிக்கத் தெரியாதா, வன்னி விவசாயிக்கு நெல் போடத் தெரியாதா? வலையும் படகும் போய்விட்டன, வயலில் கண்ணிவெடி, சில ஊர்களில் நிலமே ராணுவத்தின் கையில். கேப்பாப்பிலவு மக்கள் 2017ல் ராணுவ முகாம் வாசலில் ராவும் பகலும் உட்கார்ந்தார்களே, அவர்கள் பயிற்சி கேட்டு உட்காரவில்லை, சொந்த நிலத்தைக் கேட்டு உட்கார்ந்தார்கள். போருக்கு முன்னால் அந்தப் பக்கம் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை ஓடியது, காங்கேசன்துறையில் சிமெண்ட் ஆலை ஓடியது. இரண்டும் போரில் நின்றவை, போர் முடிந்து வருஷக்கணக்காகியும் பழையபடி ஓடவில்லை. ஒரு ஆலை ஓடினால் அதைச் சுற்றி லாரி, டீக்கடை, வெல்டிங் பட்டறை எல்லாம் தானாக வரும், இது நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பெண்களின் கதை இன்னும் கஷ்டம். வடக்கிலும் கிழக்கிலும் சேர்த்து 89,000 பேர் கணவனை இழந்தவர்கள் என்று 2010 வாக்கில் அரசாங்கத் தரப்பே சொன்னது. அவர்களில் நிறையப் பேருக்குப் புதுசாக ஒரு தொழில் கற்றே ஆக வேண்டிய நிலைமை, அதனால் அங்கே பயிற்சிக்கு உண்மையிலேயே இடம் இருந்தது. நடந்தது என்னவென்றால், ஒரு தெருவில் பத்துப் பேருக்குத் தையல் மிஷின் வந்தது, அந்தத் தெருவில் தைக்கக் கொடுக்கக் காசு உள்ளவர் இரண்டு பேர். ஆர்டர் இல்லை. ஆனால் கடன் வந்துவிட்டது, நுண்கடன் கம்பெனிகள் வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டு வாராவாரம் வசூலுக்கு வந்து நின்றார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். கடைசியில் 2018ல் இலங்கை அரசே வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் 1 லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டார்கள். உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரியாக யோசித்துச் செய்தவையும் உண்டு. மட்டக்களப்பில் குஜராத்தில் சுயதொழில் செய்கிற பெண்களின் சங்கமான சேவா அமைப்பு, போரில் கணவனை இழந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு விற்பனைக்கு ஒரு மையத்தையும் சேர்த்தே அமைத்துக் கொடுத்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016ல் ஜெர்மன் உதவியோடு ஒரு பெரிய தொழிற்பயிற்சி நிறுவனம் வந்தது, வன்னியில் ஆடைத் தொழிற்சாலைகளும் வந்தன. தொழிற்சாலைச் சம்பளம் பத்தாது என்ற பேச்சு அங்கேயும் உண்டு, இங்கே திருப்பூரிலும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் ஓடுகிற மிஷின் என்று ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தது.

இப்போது நம்ம ஊர் விஷயம். நம்மில் பல பேர் மறந்தே போகிறோம், போரில் பாதிக்கப்பட்ட மக்கள் கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை. பவானிசாகர் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், கோவை மாவட்டத்தில் இருக்கிறார்கள், தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 50,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். 1983க்கு அப்புறம் அலை அலையாக வந்தவர்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது, 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது, 'அகதிகள் முகாம்' என்ற பெயரையே 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. மனசார வரவேற்கிறேன். அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன், பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், மழை பெய்தால் பாத்திரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று சின்னத் தம்பிக்குக்கூடத் தெரிகிறது. வீடு வேண்டும்தான்.

ஆனால் அவள் இங்கேயே பிறந்தவள். அவிநாசியைத் தாண்டி அவளுக்கு வேறு ஊர் தெரியாது. கம்பெனியில் "சரிங்க்கா" என்பாள், போனில் அம்மாவிடம் "ஓம் அம்மா, சாப்பிட்டனான்" என்பாள். இருந்தும் குடியுரிமை இல்லை. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருக்கிறது, இலங்கை இல்லை. குடியுரிமை இல்லையென்றால் பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலை இல்லை. அதிகாரிகள் முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளில் எல்லோரும் அங்கே இருந்தாக வேண்டும், ஷிப்மெண்ட் நாளும் அதே நாள் என்றால் அன்றைக்கு அவளுக்கு ஷிப்ட் போச்சு. அவள் அண்ணன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போகிறான். எனக்குத் தெரிந்து அந்த முகாமில் ஆம்பளைங்க முக்கால்வாசிப் பேர் பெயிண்டிங் வேலைக்குத்தான் போகிறார்கள், அதில்தான் யாரும் காகிதம் கேட்பதில்லை. படிப்பும் பயிற்சியும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதற்கான கதவுதான் பூட்டியிருக்கிறது.

இதே மாநிலம் ஒரு காலத்தில் வேறு மாதிரி யோசித்திருக்கிறது. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானபோது, 1968ல் நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் டான்டீ, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். கூடலூர், கோத்தகிரி, அப்புறம் வால்பாறை. கொழுந்து பறிக்கத் தெரிந்த மக்கள், அவர்களுக்குத் தோட்டம், வீடு. 1969ல் அவர்களுக்கென்று ரெப்கோ வங்கி. முக்கியமாக, அவர்கள் வரும்போதே குடியுரிமையோடு வந்தார்கள். தொழில், கடன், காகிதம் மூன்றும் ஒன்றாக வந்தது. குறையும் இருந்தது, மூன்று தலைமுறையாகத் தோட்டத்தையே நம்பியிருந்துவிட்டு இப்போது டான்டீ நஷ்டம் என்று 2022ல் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்றால் தோட்டத்தில் கொடுத்த இந்த லயத்து வீடும் போய்விடுமா என்று அந்த மக்கள் தவித்தார்கள். ஒரே தொழிலில் கட்டிப் போட்டதற்கு அது விலை. அங்கேதான் அடுத்த தலைமுறைக்குப் புதுத் தொழிற்பயிற்சி தேவைப்பட்டது, அதை யாரும் உரிய காலத்தில் யோசிக்கவில்லை.

அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவளைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று வாரம் ஷிப்ட் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றேன், என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். முதல் வாரம் ஊசி ஒடித்தாள். இரண்டாவது வாரம் நேராகத் தைத்தாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், நான் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டு பார்க்கிறேன், தோள் ஜாயிண்ட் அடிக்கிறாள், துணியைக் கை பிடித்திருப்பதே தெரியவில்லை, அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான், கை வந்துவிட்டது. இன்றைக்கு எங்களிடம் பீஸ் ரேட்டில் அவளை விட அதிகம் எடுக்கிறவர்கள் இரண்டே பேர். ஆறு மாதப் பயிற்சி கொடுத்தவர்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்களைப் போன்ற யாரையாவது கூப்பிட்டு என்ன மிஷின் ஓடுகிறது என்று கேட்டிருந்தால் அவள் அன்றைக்கு அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை.

இப்போது அவளும் முகாமில் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து நான்கு மிஷின் போட்டு எங்களிடமே வேலை எடுக்கிறோம் என்கிறார்கள். கைக்குழந்தையோடு இருக்கிறவர்களும் தைக்கலாம், கணக்கெடுக்கிற நாளில் ஷிப்டும் போகாது. வங்கிக்கு நானே கூடப் போனேன். அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நான்கு மாதம் ஆயிற்று.

அதனால் முகாமுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு ஷட்டர் ரூம் என் பேரில் வாடகைக்கு எடுத்துவிட்டேன். கரண்ட் கனெக்‌ஷன் வந்துவிட்டது. ஓவர்லாக் இரண்டும் பவர் சிங்கர் தையல் மிஷின் ஒன்றும் எங்களிடமிருந்து போகிறது. ஒரு பேட்லாக் வேண்டும், பழசாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடுகிற கண்டிஷனில் இருந்தால் போதும். திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர்ப் பக்கம் யாரிடமாவது சும்மா நின்றுகொண்டிருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். இனாமாக வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகள் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள், மாசா மாசம் கட்டிவிடுகிறார்களாம்.