சிவவாக்கியர் நாத்திகரா?

சிவவாக்கியர் கடவுளை மறுத்த நாத்திகச் சித்தர் என்று ஒரு நண்பர் எழுதி, சான்றாக 'நட்ட கல்லைத் தெய்வமென்று' எனத் தொடங்கும் பாடலின் முதல் இரண்டு அடிகளைத் தந்திருக்கிறார். அந்த அடிகள் சிவவாக்கியருடையவைதாம். ஆனால் பாடல் அங்கே முடியவில்லை. மூன்றாம் அடி, 'நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்' என்கிறது. கல்லுக்குப் பூச்சாத்திச் சுற்றிவந்து மந்திரம் முணுமுணுப்பதை அவர் கேலி செய்வதற்குக் காரணமே, தேடப்படும் நாதன் தேடுகிறவனுக்குள் இருக்கிறான் என்ற உறுதிதான். கறியிலேயே கிடக்கும் சட்டியும் சட்டுவமும் (கரண்டியும்) அதன் சுவையை அறியுமா என்று கடைசி அடியில் கேட்கிறார். சுவையே இல்லை என்று சொல்ல வந்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

கோயில், சடங்கு, சாதி ஆகியவற்றை அவர் கடுமையாகச் சாடினார் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. (அந்தக் கடுமையை மூடி மறைத்து அவரை வெறும் பக்திப் புலவராகக் காட்டுவோரும் உண்டு, அதுவும் சரியன்று.) எனினும் அவர் 'நமசிவாய' என்னும் ஐந்தெழுத்தைப் போற்றியவர், 'ஓடி ஓடி' என்ற பாடலில் 'உட்கலந்த சோதியை'த் தேடி அலைந்து மாண்டுபோன மாந்தரை எண்ணி வருந்தியவர்.

சரிபார்ப்பது எளிது. சித்தர் பாடல் தொகுப்பு எதுவாயினும் மேற்கண்ட பாடலின் நான்கு அடிகளையும் முழுதாகப் படித்துப் பார்க்கலாம். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி வெளியிடும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்திலும் சிவவாக்கியரின் நூல் இலவசமாகக் கிடைக்கிறது.